கொல்லையில விறகு அடுப்பு வச்ச சுடுதண்ணி தொட்டி கட்டப்போறேன், தப்பு இருந்தா சொல்லுங்க

மலைக்காட்டான்:
வணக்கம் மக்களே. கோத்தகிரி பக்கம் எங்க வீடு. டிசம்பர் ஜனவரில ராத்திரி வெளிய உக்காந்து நாலு வார்த்தை பேச முடியாது, பல்லு கிடுகிடுங்கும். ஹாட் டப் ஒண்ணு வச்சா என்னன்னு ரொம்ப நாளா ஆசை, ஆனா கரண்ட்ல ஓடுற ரெடிமேட் டப் விலையைக் கேட்டு போனை வச்சுட்டேன், போதாததுக்கு எங்க பக்கம் மழைக்காலத்துல கரண்ட் போனா எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. விறகு மட்டும் இருக்கு, போன வருஷம் காத்துல சாஞ்ச ரெண்டு சில்வர் ஓக் வெட்டி அடுக்கி காஞ்சு கெடக்கு.

பிளான் இதுதான். அஞ்சடி அகலத்துல வட்டமா மண்ணுல குழி தோண்டி சிமெண்ட் தொட்டி, தண்ணி ரெண்டடிக்கு நிக்கும், கணக்கு போட்டா 1,100 லிட்டர் வருது. பக்கத்துல ஒரு 200 லிட்டர் டிரம்மை அடுப்பா மாத்தி உள்ள செப்புக்குழாய் சுருள், சின்ன மோட்டார் வச்சு தண்ணியை சுத்த விடறது. இது வேலைக்கு ஆகுமா? எத்தனை மணி நேரம் எரிக்கணும்? அப்பா வேற "வெந்நீர்ல உக்காந்து ஊறுறதுக்கு நாம என்ன நெல்லா"ன்னு கேக்கறார்.

சும்மா_இருப்பவன்:
அப்பா கேட்டது நியாயமான கேள்வி 😄 ஒரு அண்டா, மூணு கல்லு, ஒரு சொம்பு, வேலை முடிஞ்சுது.

போத்தனூர்_வெல்டர்:
அண்டா ஐடியா சொன்னவருக்கு ஒரு கும்பிடு. இப்ப விஷயத்துக்கு வரேன் தம்பி, உங்க பிளான்ல ரெண்டு இடம் உதைக்குதுங்க.

மொதல்ல அந்த மோட்டார். கரண்ட் போகும்னு நீங்களே எழுதிருக்கீங்க, அடுப்பு தகதகன்னு எரியறப்ப மோட்டார் நின்னா சுருளுக்குள்ள இருக்குற தண்ணி கொஞ்ச நேரத்துல ஆவியாகி கொதிச்சு துப்பும், பக்கத்துல யாராச்சும் இருந்தா வெந்துருவாங்க. மோட்டாரே வேண்டாம், தண்ணி தானா சுத்தும். சூடான தண்ணி லேசாகி மேல ஏறும், அந்த எடத்துக்கு கீழ இருந்து பச்சத்தண்ணி வரும், மொட்டமாடி சோலார் ஹீட்டர்ல பம்பு இல்லாம ஓடுதே அதே சங்கதிதான். ஆனா அதுக்கு அடுப்பு தொட்டியை விட தாழ்வா இருக்கணும். நீங்க தொட்டியைக் குழிக்குள்ள எறக்கிட்டு அடுப்பை மேல வச்சா தண்ணி அசையவே அசையாது. அது ரெண்டாவது.

குழாய் விஷயம் சொல்லிடறேன், இதுல தான் எல்லாரும் கோட்டை விடறாங்க. தொட்டி அடியில ஒரு ஓட்டை, அது சுருளோட கீழ் முனைக்கு. சுருளோட மேல் முனையில இருந்து வர்ற குழாய் தொட்டிக்கு போற வரைக்கும் ஏறிட்டே போகணும், நடுவுல தொங்கல் மேடு எதுவும் இருந்தா காத்து போய் அடைச்சுக்கும், தொட்டிக்குள்ள அது வந்து விழற வாயும் தண்ணி மட்டத்துக்கு கீழ இருக்கணும். முக்கால் இஞ்ச்சுக்கு கம்மியா போடாதீங்க, ஒரு இஞ்ச் கெடச்சா இன்னும் நல்லது. வளைக்கறதுக்கு முன்னாடி குழாய்க்குள்ள காஞ்ச மணலை கெட்டியா ரொப்பி ரெண்டு பக்கமும் அடைச்சுட்டு வளைங்க, நசுங்காது. நெருப்பு படற எடத்துல ஒரு ஜாயின்ட் கூட வரக்கூடாது, சாதா ஈயப்பத்து உருகி ஊத்திரும். ஜிஐ குழாயை, அதாவது துத்தநாகம் பூசுன இரும்புக் குழாயை, தீக்குள்ள விடாதீங்க, அந்த துத்தநாகப் புகையை இழுத்தா ராத்திரி காய்ச்சல் வரும், எனக்கே பட்டிருக்கு.

கடைசியா ஒண்ணு, சத்தியமா கேட்டுக்கோங்க. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவுல கேட் வால்வு போடவே போடாதீங்க. தொட்டியைக் கழுவறப்ப வசதியா இருக்கும்னு யாராச்சும் சொல்வாங்க. மூடுன வால்வை மறந்துட்டு தீ வச்சா அது அடுப்பு இல்லைங்க, குண்டு.

மலைக்காட்டான்:
அண்ணா இது தெரியாம குழி தோண்ட ஆள் சொல்லிட்டேன், இப்ப நிறுத்திட்டேன். ஆனா எங்க கொல்லை ரெண்டு படியா இருக்கும், மேல் படிக்கும் கீழ் படிக்கும் நாலடி வித்தியாசம். தொட்டி மேல, அடுப்பு கீழ?

போத்தனூர்_வெல்டர்:
அருமைங்க, மலையே உங்களுக்கு மோட்டார். ஆனா விளிம்புல கட்டாதீங்க. தண்ணி மட்டும் 1,100 கிலோ, நாலு பேர் எறங்குனா ஒன்றரை டன் பக்கம் வந்துரும், மழைக்கு ஊறுன மண்ணு தாங்காது. தடுப்புச் சுவர்ல இருந்து தள்ளி, கம்பி போட்ட காங்கிரீட் தளம் மேல வைங்க. சிமெண்ட் தொட்டி வெயிட்டு, சூட்டையும் அதுவே குடிக்கும். 304 எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) தகடுல உருட்டி வெளிப்பக்கம் மரப்பலகை அடிச்சா பாக்கவும் லட்சணம்.

பனிக்கரையான்:
வணக்கம். நான் நோர்வேயில இருக்கிறன், இஞ்ச இதை பாடெஸ்டாம்ப் எண்டு சொல்லுவினம், கன வீட்டு முற்றத்தில இருக்கும். வெல்டர் அண்ணை சொன்னது அத்தனையும் சரி, நான் கூடுதலா ரெண்டு மூண்டு விசயம் சொல்லுறன்.

எவ்வளவு நேரம் எண்டு கேட்டனீங்கள். 1,000 லிட்டரை 15 டிகிரியில இருந்து 39க்கு கொண்டுபோக 28 யூனிட் கரண்டுக்குச் சமனான சூடு வேணும். காய்ஞ்ச விறகு கிலோவுக்கு 4 யூனிட் அளவு தரும், ஆனா வீட்டில செய்த அடுப்பில பாதிக்கு மேல புகைபோக்கியால போயிடும், அதால 20 கிலோவுக்கு மேல எரிக்க வேணும், நாலு மணித்தியாலம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. பச்சை விறகு எண்டால் விடிஞ்சிடும். முக்கியமா மூடி! சூடு கூடுதலா போறது மேல ஆவியாத்தான். ரெண்டு இஞ்ச் தெர்மோகோலைத் தார்ப்பாயால சுத்தி மூடினாலே காணும்.

அடுத்தது, மேல் தண்ணி கொதிக்கும், அடித்தண்ணி ஐஸா இருக்கும். பலகையால நல்லாக் கலக்கிப்போட்டுத்தான் வெப்பமானி வையுங்கோ. நீங்கள் விறகு போடுறதை நிப்பாட்டினாலும் தணல் சூடாக்கிக்கொண்டே இருக்கும், 36 வந்த உடனே நிப்பாட்டுங்கோ. 40க்கு மேல போகவே கூடாது. குடிச்சுப்போட்டு இறங்க வேண்டாம். கர்ப்பிணிகள், இதய வருத்தக்காரர் டொக்டரைக் கேக்காமல் இறங்கக் கூடாது, சின்னப் பிள்ளையள் தனிய கிட்டப் போகாமல் மூடிக்குப் பூட்டுப் போடுங்கோ.

உங்க பக்கம் உறைபனி விழும் எண்டால், பாவிக்காத நாளில சுருளையும் சேர்த்து தண்ணியை முழுக்கத் திறந்து விடுங்கோ. எனக்கு முதல் வருசம் குழாய் உறைஞ்சு வெடிச்சது. வெடிச்சது கூட பரவாயில்லை, ஐஸ் அடைச்சது தெரியாமல் நெருப்பு மூட்டியிருந்தால்... நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

நீலகிரிக்காரி:
ஒரு சின்ன விஷயம். விழுந்த மரம் சரி, அது தீர்ந்ததும் நிக்கிற மரத்துல கை வச்சிடாதீங்க. இங்க நம்ம பட்டா நிலத்து மரமா இருந்தாலும் அனுமதி வாங்கணும், 1955லேயே வந்த மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. அப்புறம் தண்ணியை எத்தனை நாள் வச்சிருப்பீங்க? வெதுவெதுப்பான தண்ணி கிருமிக்கு குஷி, லெஜியோனெல்லான்னு ஒண்ணு அந்த ஆவி வழியாவே நுரையீரலுக்குப் போகும். வச்சிருந்தா குளோரின் 3 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) குறையக்கூடாது, ஆனா குளோரின் கூடுனா செம்பையும் எஸ்எஸ்ஸையும் அரிக்கும். நானா இருந்தா அன்னிக்கு ரொப்பி அன்னிக்கே குளிச்சுட்டு ஆறவிட்டு கேரட் பாத்திக்கு திறந்து விடுவேன். சோப்பு மட்டும் போடாதீங்க.

மலைக்காட்டான்:
ரெண்டு மாசம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். கட்டியாச்சு!! எஸ்எஸ் தொட்டி, வெளிய பழைய பலகை, அடுப்பு கீழ் படியில. நேத்து மொத தடவை தீ வச்சோம். தண்ணி 14 டிகிரில ஆரம்பிச்சு 38க்கு வர அஞ்சு மணி நேரம் ஆச்சு, முதல் ஒரு மணி நேரம் மூடி போட மறந்ததுக்கு தண்டனை. விறகு கிட்டத்தட்ட 30 கிலோ. நெல்லா கேட்ட அப்பாதான் முதல்ல எறங்குனார், ஏறவே மாட்டேன்னுட்டார், அம்மா சாப்பாட்டுக்கு மூணு தடவை கூப்பிட்டாங்க.

ஒரே ஒரு டவுட். தீ நல்லா பிடிச்சதும் குழாய்ல டொக் டொக்னு சத்தம், நடுநடுவுல தொட்டிக்குள்ள குபுக்குனு கொப்பளிக்குது. பயமா இருந்துச்சு, விறகை இழுத்துட்டோம்.

போத்தனூர்_வெல்டர்:
இழுத்தது நல்லதுங்க. மேல் குழாயை ஒரு ரசமட்டம் வச்சு பாருங்க, எங்கயோ தொங்குது. அங்க காத்து நின்னு தண்ணி ஓட்டம் தடைபட்டு சுருளுக்குள்ள கொதிக்குது.

மலைக்காட்டான்:
வச்சு பாத்தேன்ணா. நடுவுல ஒன்றரை இஞ்ச் தொங்கிருக்கு, கிளாம்ப் லூசாயிருக்கு. செங்கல் முட்டு குடுத்து தூக்கி மறுபடி எரிச்சேன், சத்தமே இல்ல. அப்பா டவலோட நிக்கறார்.