கீழவாசல் வீடு – குடும்பக் குழு

பாக்கியம் அத்தை: அண்ணனுக்கு மூக்குக் குழாய் எப்போது எடுப்பார்கள்? ஞாயிறு வரும்போது ரசம் கொண்டு வரட்டுமா?

மீனா: பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குச் சரியாக விழுங்க வரவில்லை, வாய்வழியாக எதுவும் வேண்டாம் அத்தை. நேற்று தண்ணீருக்கே புரையேறிவிட்டது. அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா.

செல்வம் சித்தப்பா: ஒரு மூடிதான் கொடுத்தேன். அண்ணன் கேட்டார், மனசு கேட்கவில்லை.

கார்த்தி: சித்தப்பா 🙏

செல்வம் சித்தப்பா: தலையில் கரண்ட் வைத்தால் விழுங்க வரும் என்று ஒரு வீடியோ வந்தது. ஷாக்கா அது?

மீனா: ஷாக் இல்லை. நீளமாக எழுதுகிறேன், எல்லோரும் படியுங்கள். ஈரப் பஞ்சு வைத்த இரண்டு பட்டைகளைத் தலையில் கட்டி 1 அல்லது 2 மில்லிஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிடம் போல விடுவார்கள். லேசாக அரிக்கும், ஊறும். இன்னொரு வகையில் பட்டைக்குப் பதில் தலைமேல் காந்தச் சுருளைப் பிடிப்பார்கள். விழுங்கும் வேலையை மூளையின் இரண்டு பக்கமும் பார்க்கின்றன, ஆனால் ஒரு பக்கத்துக்குப் பங்கு அதிகம். அந்தப் பக்கம் அடிபட்டால் இப்படி ஆகிறது. 1990களில் மான்செஸ்டரில் ஷாஹீன் ஹம்டி குழு பார்த்தது என்னவென்றால், விழுங்குதல் திரும்பி வந்தவர்களுக்கு அடிபடாத பக்கம் அந்த வேலையை எடுத்துக்கொண்டிருந்தது. கரண்ட் அந்தக் கற்றலுக்குக் கை கொடுக்கத்தான். அதுவே விழுங்கக் கற்றுத்தராது. கூடவே அப்பா பயிற்சி செய்ய வேண்டும்: பலமாக விழுங்குவது, குரல்வளை மேலே ஏறியதும் இரண்டு மூன்று விநாடி அங்கேயே நிறுத்துவது. ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை, அதனால் உறுதி கொடுக்க முடியாது என்று டாக்டரே சொன்னார்.

பாக்கியம் அத்தை: அப்போ ரசம்?

மீனா: ரசம் மாதிரி தண்ணியாக இருப்பதுதான் அதிக ஆபத்து அத்தை. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலவையை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்த பிறகு, எந்தப் பதம் கொடுக்கலாம் என்று சொல்வார்கள்.

கார்த்தி: அக்கா, 1998ல் பெரியப்பா மாடியிலிருந்து விழுந்தபோது தலையில் கிளிப் வைத்தார்களே?

மீனா: ஆமாம்டா! தலைக்குள் உலோகம் உண்டா, வலிப்பு வந்ததா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். அந்த ஃபைல் எங்கே?

பாக்கியம் அத்தை: தாத்தா பீரோவில். சாவி செல்வத்திடம். பாகம் பிரித்த நாளிலிருந்து.

செல்வம் சித்தப்பா: இப்போது எதற்கு அந்தப் பேச்சு

செல்வம் சித்தப்பா: நாளை காலையில் திறக்கிறேன்

கார்த்தி: 12ஆம் தேதி வளைகாப்பைத் தள்ளி வைக்கலாமா?

பாக்கியம் அத்தை: ஒன்பதாம் மாதம் நடக்கிறது, எங்கே தள்ளுவது? மதினியைக் கேளுங்கள்.

பெரியம்மா: வளைகாப்பு நடக்கட்டும். இன்று எச்சிலை மூன்று முறை தானாக விழுங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன்.

மீனா: இருமல் வந்ததா அம்மா?

பெரியம்மா: மூன்றாவதுக்கு மட்டும்.

செல்வம் சித்தப்பா: ஆறு மணிக்கே வருகிறேன் மதினி. தண்ணீர் கொடுக்க மாட்டேன்.