ஆற்றில் தங்கம் அரிப்பது: கருமணலைப் பிரிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பொழுதுபோக்காக ஆற்று மணலில் தங்கம் அரிக்கப் பழகி வருகிறேன். அனுமதியுள்ள இடம்தான். கையில் 14 அங்குல பிளாஸ்டிக் தட்டும் ஒரு சல்லடையும் இருக்கின்றன.

எங்கே தோண்டுவது என்பது ஓரளவு பிடிபட்டுவிட்டது. தங்கத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 19.3 கிராம், சாதாரண மணலுக்கு 2.65தான். அதனால் நீரின் வேகம் குறையும் இடங்களில் தங்கம் படிந்துவிடுகிறது: வளைவின் உட்கரை, பெரிய பாறைகளின் பின்புறம், அடிப்பாறை வெடிப்புகள்.

சிக்கல் கடைசிக் கட்டத்தில்தான். சரளையும் மணலும் போன பிறகு கருமணல், அதாவது இரும்புத் தாதுக்கள் நிறைந்த கனமான கறுப்பு மணல், மிஞ்சுகிறது. அதில் மேக்னடைட் என்ற தாதுவைக் காந்தத்தால் எடுத்துவிடலாம், சரி. காந்தத்துக்கு எளிதில் வராத ஹெமடைட், இல்மனைட் என்ற மற்ற தாதுக்கள் பொடித் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டே கிடக்கின்றன. தட்டைச் சாய்த்தால் எது போகிறது, எது நிற்கிறது என்றே தெரியவில்லை.

காயவைத்து, வெவ்வேறு கண் அளவுள்ள சல்லடைகளில் பிரித்துவிட்டு மறுபடி அரிக்கலாமா? பொடித் தங்கம் மிதந்து போகாமல் இருக்கத் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுவது உங்களுக்குப் பலன் தந்ததா? அப்புறம், பாதரசம் மட்டும் வேண்டாம். அது ஆற்றுக்கும் மீனுக்கும் நமக்கும் விஷம். வேறு எந்த வழியானாலும் சொல்லுங்கள். தட்டை ஆட்டும் விதத்தைக் காட்டும் காணொளி இருந்தால் இன்னும் நல்லது.