பின்னால் ஆள் ஏறினால் பைக் தடுமாறுகிறது, என்ன செய்யலாம்?

அண்ணைமார், அக்காமார், ஓர் உதவி வேண்டும். நான் ஒட்டுசுட்டான் பக்கம். பழைய 250 சிசி ஸ்போர்ட் ரூரிங் பைக் ஒன்று கைக்கு வந்தது. தனியே ஓடினால் ஏ9 வீதியில் ஊஞ்சல் மாதிரிப் போகிறது, ஆனால் மனுசி பின்னால் ஏறினதும் அது வேறு வாகனம். ஹான்டில் இலேசாகிவிடுகிறது, வளைவில் வெளிப்பக்கம் இழுக்கிறது, பள்ளத்தில் பின் சொக் (அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்) அடிவரை போய் இடிக்கிறது, இரவில் லைட் ரோட்டை விட்டுப் பாலை மர உச்சியைக் காட்டுகிறது.

செயின் கவர் ஸ்ரிக்கரில் இரண்டு பேருக்குப் போட்டிருந்த அளவுக்குப் பின் ரயரில் காற்றை ஏற்றினேன், கொஞ்சம் தேறியது. சொக்கின் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும் என்று தெரியும். கராஜில் அதற்குரிய கொக்கிச் சாவி இல்லாமல் உளியும் சுத்தியலும் எடுத்தார்கள், வேண்டாம் சாமி என்று வந்துவிட்டேன்.

மனுசி 60 கிலோ, சாமான் பை 8 கிலோ. எத்தனை படி இறுக்குவது? இறுக்கினால் லைட் தானாகவே இறங்குமா, தனியே திருப்ப வேண்டுமா? அப்புறம் பிறேக் பிடித்தால் அவள் சரிந்து வந்து என் முதுகில் மோதுகிறாள் (ஹெல்மெட்டும் டொக் என்று முட்டும், பிறகு வீடு வரை பேச்சே இல்லை). எனக்கு முன்னால் இருக்கும் பெற்றோல் ராங்கில் கையை ஊன்றச் சொல்வதா, பின் கம்பியைப் பிடிக்கச் சொல்வதா?

அடுத்த மாதம் மாங்குளம், வவுனியா வழியாகத் திருக்கேதீச்சரம் போக நினைக்கிறோம். பொழுதுபட்டால் ரோட்டில் மாடு படுத்திருக்கும், அதுதான் பயம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அந்தக் கொக்கிச் சாவி யாரிடமாவது இருந்தால் ஒரு மணித்தியாலம் இரவல் தாருங்கள்.