லெபோ பசார் பக்கம் பின்சந்து புரொபோசல், என்ன கேக்கலாம்?

மாலைக்கடை தம்பி:
வணக்கம் எல்லாருக்கும். பினாங்கு லிட்டில் இந்தியாவுல எங்களுக்கு சின்ன மாலைக் கடை, அப்பா காலத்துல இருந்து வாடகைதான். இப்ப எங்க வரிசை கடைக்காரங்க சேர்ந்து ஒரு புரொபோசல் எழுதி மஜ்லிஸ்ல (நகராட்சி மன்றம்) குடுக்கலாம்னு பேச்சு நடக்குது, பின்சந்தை சுத்தம் பண்ணி லைட் போட்டு செவுத்துல ஓவியம் வரைஞ்சு டூரிஸ்ட் வர்ற மாதிரி ஆக்கணும்னு பாதி பேர் சொல்றாங்க, இன்னும் பாதி பேர் அதெல்லாம் வந்தா வாடகைதான் ஏறும், நம்ம யாவாரம் ஏறாதுன்னு சொல்றாங்க. வேற ஊர்ல எல்லாம் இப்படி பழைய ஏரியாவ தூக்கி விட்டிருக்காங்களே, கடைக்காரனுக்கும் அங்க குடியிருக்கிறவனுக்கும் உண்மையிலயே பிரயோஜனமா இருந்தது எது? தெரிஞ்சவங்க சொல்லுங்க லா.

பிரிக்பீல்ட்ஸ்காரி:
தம்பி, அலங்கார வளைவு கேக்காதீங்க, அத மட்டும் சொல்லிடறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், எங்க ஏரியாவுல 2010 அக்டோபர்ல மன்மோகன் சிங் வந்து அப்ப நம்ம பிரதமரா இருந்த நஜிப்போட சேர்ந்து லிட்டில் இந்தியாவ திறந்து வச்சாரு, 2015ல மோடி வந்து தோரண வாசல் திறந்தாரு. பாக்க நல்லாத்தான் இருக்கு, தீபாவளிக்கு கூட்டம் கேக்கவே வேணாம். ஆனா 1905ல கட்டின நூறு குவார்ட்டர்ஸ், ரயில்வே ஆளுங்க குடும்பம் குடும்பமா இருந்த எடம், அத இடிச்சுட்டாங்க. சனம் போயிட்டா சாதா செவ்வாய்க்கிழமை உப்பு புளி வாங்க யாரு வருவா? வாசல் கட்ட காசு இருக்கு, வீட்ட காப்பாத்த காசு இல்ல. எனக்கு இன்னும் ஆறல.

கடல்தெரு அண்ணே:
கொஞ்சம் நீளமா எழுதறேன், பசியாறிட்டு வந்து படிங்க.

நம்ம லிட்டில் இந்தியா இருக்கற ஜார்ஜ் டவுன் கதைய மொதல்ல புரிஞ்சுக்கணும். 1948க்கு முந்தி கட்டின கடைவீடுங்களுக்கு எல்லாம் வாடகைக் கட்டுப்பாடு இருந்துச்சு, 1966 சட்டம். 1997ல அத ரத்து பண்ணி சட்டம் போட்டாங்க, 2000 ஜனவரியில இருந்து ஓனர் கேட்டதுதான் வாடகை. வருஷக்கணக்கா மேல் மாடியில குடியிருந்த குடும்பங்க, தையக்காரங்க, கூடை பின்றவங்க எல்லாம் கெளம்பிட்டாங்க. யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய நகரம்ங்கற பட்டம் வந்தது 2008 ஜூலையில, அதாவது ஆள் போக ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் பட்டம். அதனால எல்லா பழியையும் டூரிஸ்ட் மேலயே போடறது சரியில்ல, ஆனா பட்டம் வந்ததும் பூட்டிக் ஹோட்டலும் கபேயும் வந்து மிச்சத்தையும் தள்ளிருச்சு.

நல்லதும் நடந்துச்சு. 2009ல அரசாங்க முதலீட்டு நிறுவனம் கஜானா, திங்க் சிட்டின்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு 20 மில்லியன் வெள்ளிய சின்னச் சின்ன மானியமா குடுத்தாங்க, கூரை ஒழுகுற கடைவீடு, கோயில், கைத்தொழில் இப்படி. பெரிய புரொஜக்ட் ஒன்னுல மொத்தமா கொட்டாம பிரிச்சு குடுத்தது எனக்கு புடிச்ச விஷயம். ஆனா செவுத்த சரி பண்றது ஒன்னு, செவுத்துக்குள்ள இருக்கறவன வச்சுக்கறது இன்னொன்னு. உங்க புரொபோசல்ல எழுத வேண்டியது இதுதான்: பொதுக் காசுல எந்தக் கட்டடத்த சரி பண்ணாலும், அதுல இப்ப இருக்கற வாடகைக்காரனுக்கு இத்தன வருஷத்துக்கு லீஸ், வாடகை இவ்வளவுக்கு மேல ஏறாதுன்னு ஓனர் மொதல்லயே கையெழுத்து போடணும். பெயிண்ட் அடிச்ச பிறகு கேட்டா எவனும் போட மாட்டான்.

ரெண்டாவது, உங்க சரக்க யாரு வாங்கப் போறா? இங்கிலாந்துல பிரெஸ்டன்னு ஒரு ஊரு, 2011ல பெரிய ஷாப்பிங் மால் திட்டம் ஒன்னு கவுந்து போச்சு. அப்புறம் கவுன்சில், காலேஜ், போலீஸ்னு ஆறு பெரிய நிறுவனங்கள உக்கார வச்சு உங்க பர்ச்சேஸ் காசு எங்க போகுதுன்னு கணக்கு பாத்தா, 2012-13ல ஊருக்குள்ள தங்கினது 5 சதவீதம்தான். டெண்டர சின்னதா பிரிச்சு உள்ளூர்க்காரங்களுக்கு குடுக்க ஆரம்பிச்சாங்க, 2016-17ல அது 18 சதவீதம். அதுக்கு முன்னாடியே அமெரிக்காவுல கிளீவ்லண்ட்ல ஆஸ்பத்திரி துணி துவைக்கற வேலைய தொழிலாளிங்களே நடத்தற கூட்டுறவு லாண்டரி செய்யுது. நம்ம தீவுலயும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, யுனிவர்சிட்டி இருக்கு, வாரா வாரம் ஏதாவது விழா நடக்குது. மாலை, பலகாரம், துணித் தையல் எல்லாம் எங்கிருந்து வருதுன்னு கேட்டுப் பாருங்க. ஓவியத்த விட இது சோறு போடும்.

ஹின்பஸ் ரசிகன்:
ஓவியத்த ஒரேடியா திட்டாதீங்க அண்ணே. 2012ல எர்னஸ்ட் ஜக்காரேவிச்ங்கற ஓவியர் இங்க ஆர்மேனியன் ஸ்ட்ரீட்ல சைக்கிள் புள்ளைங்கள வரைஞ்ச பிறகு அந்தத் தெருவுல ஐஸ் கச்சாங் வித்தவன் கூட பொழச்சான். ஹின் பஸ் டிப்போ, கைவிடப்பட்ட பஸ் டிப்போதானே, 2014ல ஆர்ட் எடமா ஆச்சு, இப்ப ஞாயித்துக்கிழமை சந்தைல சின்ன சின்ன யாவாரிங்கதான் நிக்கறாங்க. சும்மா படம் வரைஞ்சுட்டு போறதுக்கும் வாரா வாரம் சந்தை போடறதுக்கும் வித்தியாசம் இருக்கு, அவ்வளவுதான். பின்சந்துல சந்தை கேளுங்க.

கடைவீட்டு வாரிசு:
ஓனர் பக்கமும் கொஞ்சம் பாருங்க. கட்டுப்பாடு இருந்த காலத்துல எங்க தாத்தாவுக்கு வந்த வாடகைல ஒரு ஓடு மாத்த முடியாது, அதான் பாதி வரிசை இடிஞ்சு கெடந்துச்சு. லீஸுக்கு கையெழுத்து போடறோம், கூரைக்கு பாதி காசு குடுங்க. நியாயமான பேரம்தானே?

சுங்கை பினாங் அக்கா:
யாருகிட்ட கேட்டு எழுதறீங்க தம்பி? கடைக்காரங்க மட்டுமா? 2012ல பினாங்குல பட்ஜெட்ட சனங்ககிட்டயே கேட்டு போடற முயற்சி ஒன்னு பண்ணாங்க, பிபிஆர் ஜாலான் சுங்கைங்கற அரசாங்க மலிவு வீட்டு பிளாட்லயும் கடலுக்கு அந்தப் பக்கம் அம்பாங்கான்லயும். பொம்பளைங்க, ஆம்பளைங்க, வயசானவங்க, சின்னப் பசங்கன்னு தனித்தனியா என்ன வேணும்னு கேட்டாங்க. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேங்கற ஊர்ல 1989லயே ஆரம்பிச்ச முறை இது. ஆம்பளைங்க மட்டும் உக்காந்து எழுதினா பார்க்கிங்ல ஆரம்பிச்சு பார்க்கிங்லதான் முடியும், நான் பாத்திருக்கேன் ஹாஹா. மாலை கட்டற அக்காமாருங்ககிட்ட கேளுங்க, மொதல்ல டாய்லெட்டும் ராத்திரி லைட்டும் சொல்வாங்க.

மாலைக்கடை தம்பி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். லீஸ் விஷயம் எங்க யாருக்கும் தோணவே இல்ல, இந்த வாரம் மீட்டிங்ல போடறேன். பெரிய எடத்துக்கு மாலை சப்ளை பண்ணணும்னா என்ன வேணும் அண்ணே?

கடல்தெரு அண்ணே:
எஸ்எஸ்எம்ல (கம்பெனி பதிவு ஆணையம்) யாவாரப் பதிவு, கடை பேர்ல பேங்க் அக்கவுண்ட், ஒழுங்கான இன்வாய்ஸ், இத மொதல்ல சரி பண்ணுங்க. பெரிய எடம் காசு குடுக்க நாளாகும், பூக்காரனுக்கு நீங்க அன்னன்னிக்கே குடுக்கணும், நடுவுல கைமுதல் மாட்டிக்கும். சின்ன யாவாரிங்களுக்கு கடன் குடுக்கற அரசாங்க அமைப்பு தெக்குன்ல இந்தியர்களுக்குன்னே ஸ்பூமி கடன் இருக்கு, அத விசாரிங்க. நாலு கடை சேர்ந்து ஒரே பேர்ல கொட்டேஷன் போட்டா இன்னும் நல்லது, தைப்பூச சீசன்ல ஒத்தக் கடையால கட்டி முடிக்க முடியாது.