நிக்காஹுக்காக முதல்முறை பள்ளிவாசல் போகிறோம்: நேரம், உடை, உட்காரும் இடம் பற்றி வழி சொல்லுங்கள்

மாம்பலத்தான்:

வணக்கம். கூட வேலை பார்க்கும் தம்பிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். ராயப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிவாசல். அழைப்பிதழில் 'அஸர் தொழுகைக்குப் பின்' என்று மட்டும் இருக்கிறது, மணி போடவில்லை. இரவு விருந்து பக்கத்து மண்டபத்தில். நான், மனைவி, ஆறு வயது மகள் மூவரும் போகிறோம். மூவருக்குமே இது முதல் தடவை. கல்யாண வேலையில் இருக்கிறவரை இதற்காகத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

எத்தனை மணிக்குப் போய் நிற்பது? தொப்பி கட்டாயமா? நெற்றியில் விபூதி இருந்தால் தவறா? அவர்கள் தொழும்போது நான் என்ன செய்வது? மனைவி உள்ளே வரலாமா? மொய்க் கவரை எங்கே கொடுப்பது? இன்னொரு ஆசையும் உண்டு. திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலை ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும். வேலை எதுவும் இல்லாமல் பார்க்க மட்டும் போனால் விடுவார்களா?

பின்வரிசை:

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்கு ஒரே மணி இல்லை. ஷாஃபி என்ற மத்ஹபை (சட்டப் பிரிவை) பின்பற்றும் பள்ளிகளில் ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழலைக் கழித்து, அதன் உயரத்தளவு ஆனதும் அஸர் வக்து, அதாவது தொழுகை நேரம், தொடங்கும். ஹனஃபி என்ற இன்னொரு மத்ஹபில் நிழல் இரண்டு மடங்காக வேண்டும். சென்னையில் டிசம்பரில் ஷாஃபி அஸர் 3.20 வாக்கில், ஹனஃபி 4.10 வாக்கில். ஜூனில் 3.35, 4.45. ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வித்தியாசம் வரும். இது வக்து தொடங்கும் நேரம்தான். பாங்கு என்ற தொழுகை அழைப்பைச் சொல்லி, அதன் பிறகு பத்து இருபது நிமிடம் கழித்துத்தான் ஜமாஅத், அதாவது கூட்டுத் தொழுகை, நிற்கும்.

ஆகவே இரண்டு நாள் முன்னதாக அந்தப் பள்ளி வாசலில் போய் 'அஸர் ஜமாஅத் எத்தனை மணிக்கு' என்று மட்டும் கேளுங்கள். சுவரில் ஐந்தாறு கடிகார முகப்பு வரிசையாக இருக்கும் பலகையிலும் பார்க்கலாம். அதில் சில பள்ளிகளில் பாங்கு நேரமும் இருக்கும், இகாமத் நேரமும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இகாமத், அதாவது ஜமாஅத் தொடங்கும்போது சொல்லும் அறிவிப்பு. அஸருக்கு நான்கு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று), ஏழெட்டு நிமிடத்தில் முடியும். அஸருக்குப் பிறகு சுன்னத் என்ற கூடுதல் தொழுகை கிடையாது, அதனால் நிக்காஹ் உடனே ஆரம்பித்துவிடும். இகாமத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துவிடுவது நல்லது.

செருப்பு: வாசலில் ஒரு கல்விளிம்போ படியோ இருக்கும், அதுதான் எல்லை. விளிம்புக்கு வெளியே நின்று ஒரு காலைக் கழற்றி அந்தக் காலை நேராக உள்ளே வைக்க வேண்டும், பிறகு அடுத்த கால். கழற்றிய வெறுங்காலைச் செருப்பு கிடக்கும் தரையில் ஊன்றி, அதே காலோடு உள்ளே வந்தால் அந்த மண்ணெல்லாம் நெற்றி வைக்கும் விரிப்பில் சேரும். கால் கழுவினால் துடைத்துவிட்டு ஏறுங்கள். ஒளு எடுக்கும், அதாவது தொழுகைக்கு முன் கை கால் கழுவும், இடத்தில் பாசி வழுக்கும், குழந்தையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே கிடக்கும் ரப்பர் செருப்புகள் கழிப்பறைக்கு உரியவை, அதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது.

உடை: முழுக்கால்சட்டையோ வேட்டியோ, வேட்டியானால் மடித்துக் கட்ட வேண்டாம். முழங்கால் தெரியக் கூடாது. முதுகில் பெரிய முகமோ எழுத்தோ அச்சடித்த சட்டை வேண்டாம், பின்னால் நிற்பவர் தொழும்போது கண் அதில் போகும். பச்சை வெங்காயம், பூண்டு, சிகரெட் வாடையோடு பள்ளிக்குள் வருவது எங்களுக்கே விலக்கப்பட்டது. மது அருந்திவிட்டு வரவே கூடாது. விபூதி, குங்குமம், கயிறு எதையும் அழித்துவிட்டு வர வேண்டியதில்லை. உங்களை அழைத்தவருக்கு நீங்கள் யார் என்று தெரியும்.

கைக்குட்டை ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள், தலையில் கட்டிக்கொள்ளலாம்.

மஹல்லாவாசி:

பின்வரிசை பாய் சொன்னதில் கடைசி வரியில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. தலையில் துணி கட்டுவது தர்காவில் வழக்கம். பள்ளிவாசலில் விருந்தாளிக்கு அந்த அவசியமே இல்லை. தொழுகிறவர்களிலேயே தொப்பி போடாதவர்கள் உண்டு. வாசல் கூடையில் பொதுத் தொப்பிகள் கிடக்கும், பலர் தலையில் ஏறி இறங்கியவை, அதை எடுத்து மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் அன்பாக ஒன்றை நீட்டினால் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

உள்ளே வரலாமா என்ற தயக்கமும் வேண்டாம். ஒரு முஸ்லிம் அனுமதித்தால் வரலாம் என்பது ஷாஃபி சட்டம், ஹனஃபியில் அந்த நிபந்தனைகூட இல்லை. உங்கள் கையில் அழைப்பிதழே இருக்கிறது.

இப்போது உட்காரும் இடம். நம் ஊரில் கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்காவின் திசை, மேற்கு. சரியாகச் சொன்னால் சென்னையிலிருந்து நேர்மேற்குக்கு 18 பாகை வடக்கே சாய்ந்த திசை. அதனால்தான் சில பள்ளிகளில் கட்டடம் நேராக இருக்க, விரிப்பில் உள்ள கோடுகள் மட்டும் கோணலாக ஓடும். மேற்குச் சுவரில் குழிவாக இருப்பது மிஹ்ராப், இமாம் நிற்கும் இடம். அதன் பக்கத்தில் படிகளோடு இருப்பது மிம்பர், வெள்ளிக்கிழமை குத்பா என்ற உரை ஓதுமிடம். முதல் வரிசை அங்கிருந்து தொடங்கிக் கிழக்கு நோக்கிப் பின்னால் வளரும். நீங்கள் கிழக்குச் சுவரோரம் அல்லது வெளித் தாழ்வாரத்தில் உட்காருங்கள். நடுவரிசையில் உட்கார்ந்துவிட்டால் இகாமத் சொன்னதும் சிக்கல். தோளோடு தோள் சேர்ந்து நிற்பது சட்டம், உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் அந்த வரிசையில் ஓட்டை போட்டதுபோல ஆகிவிடும். கால் மடக்க முடியாதவர்களுக்குப் பின்னால் நாற்காலி இருக்கும். சம்மணம் போடலாம், மேற்கே கால் நீட்டி உட்காருவதை மட்டும் தவிர்க்கவும்.

தொழுகிறவர்களைப் பார்த்து நீங்களும் எழுந்து குனிய வேண்டியதில்லை. யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இனிச் சொல்வது. தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது. நிற்கும் இடத்திலிருந்து அவர் ஸஜ்தாவில் நெற்றி வைக்கும் இடம் வரை அவருடைய எல்லை. இமாம் வலமும் இடமும் திரும்பி ஸலாம் கொடுத்ததும் தொழுகை முடிந்தது என்று புதியவர்கள் எழுந்து மாப்பிள்ளையை நோக்கி நடந்துவிடுகிறார்கள். முடிந்தது இமாமின் தொழுகை. தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் விட்டுப்போன ரக்அத்தை அப்போதுதான் எழுந்து தொழ ஆரம்பிப்பார்கள், அவர்கள் பெரும்பாலும் பின்வரிசையில், அதாவது உங்கள் மூக்குக்கு நேரே இருப்பார்கள். ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருங்கள். அவசரமாகப் போயே ஆக வேண்டுமென்றால் தொழுகிறவரின் முதுகுப்பக்கமாகச் சுற்றிப் போங்கள், அல்லது தூணுக்கு அந்தப்புறமாக. அவருக்கு முன்னால் ஒரு தூண் இருந்தால் அதுவே தடுப்பு, அதைத் தாண்டி நடப்பதில் பிழையில்லை.

மாம்பலத்தான்:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், மிக்க நன்றி. நிக்காஹ் எப்படி நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்றும் யாராவது சொன்னால் நல்லது. மனைவி விஷயமும் பாக்கி.

நூரம்மா பேத்தி:

அக்காவைப் பற்றி நான் சொல்கிறேன். மணப்பெண்ணே பெரும்பாலும் பள்ளிவாசலுக்கு வர மாட்டாள். பெண்ணின் சம்மதத்தை வலீயும் (பெண் தரப்புப் பொறுப்பாளர்) சாட்சிகளும் முன்கூட்டியே அவளிடம் போய்க் கேட்டு, கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். பெண்கள் கூட்டம் முழுக்க அவளோடு மண்டபத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் பெண்களுக்கென்று தனி இடம் இன்னும் இல்லை. இது எனக்கு வருத்தமான விஷயம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மாறப்போவதில்லை. எனவே அக்கா நேராக மண்டபத்துக்குப் போய் மாப்பிள்ளையின் அம்மாவைத் தேடிப் பிடித்து, அழைத்தவர் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பள்ளியில் நிக்காஹ் முடிந்த சேதி வந்ததும் இங்கே பெண்ணைச் சுற்றி நடப்பதுதான் பார்க்க வேண்டிய காட்சி.

அந்தப் பள்ளியில் பெண்கள் பகுதி இருந்தால் அதற்குத் தனி வாசல் இருக்கும், பெரும்பாலும் பக்கவாட்டில் அல்லது மாடியில். ஆண்கள் வாசலில் நுழைந்து உள்ளே வழி தேட வேண்டாம். சேலை கட்டலாம். கை மறைக்கும் ரவிக்கை, முந்தானையைத் தலைக்கு இழுத்து ஒரு ஊக்கு. பட்டு முந்தானை வழுக்கிக்கொண்டே இருக்கும், பருத்தித் துப்பட்டா ஒன்று தனியாக எடுத்துப் போனால் நிம்மதி. மாதவிடாய் நாளாக இருந்தால் எங்களில் பெண்கள் தொழுகைக் கூடத்துக்குள் போவதில்லை. விருந்தாளியிடம் இதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் அன்றைக்கு மண்டபத்திலேயே இருந்துவிடுவது மரியாதை என்பது என் எண்ணம்.

பாப்பா அப்பாவோடு பள்ளிக்குள் வரலாம், சின்னப் பெண் குழந்தைகள் வருவது சகஜம். தொழுகை நடக்கும்போது மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வெற்று விரிப்பைக் கண்டால் எந்தக் குழந்தைக்கும் ஓடத் தோன்றும்.

ஆண்கள் யாராவது அக்காவிடம் கை குலுக்கவில்லை என்றால் அது அவமதிப்பு இல்லை. நெஞ்சில் கை வைத்துத் தலையசைப்பார்கள், பதிலுக்கு வணக்கம் சொன்னால் சரி.

பின்வரிசை:

நிக்காஹ் அரை மணிக்குள் முடிந்துவிடும். அதில் பாதி நேரம் எழுத்து வேலை. இமாமோ காஜியோ நடுவில் உட்கார, எதிரே மாப்பிள்ளை, பக்கத்தில் பெண்ணின் தகப்பனார் அல்லது அவர் இடத்தில் உள்ள வலீ, இரண்டு சாட்சிகள். தஃப்தர் என்ற பெரிய பதிவேட்டில் பெயர்கள், மஹர் தொகை அல்லது நகை, சாட்சி விவரம் எல்லாம் ஏறும். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது, அதைச் சபையில் சத்தமாகச் சொல்வார்கள். பிறகு அரபியில் குத்பா, சில இடங்களில் தமிழிலோ உருதுவிலோ சின்ன பயான், அதாவது சொற்பொழிவு. அதன்பின் வலீ தரப்பில் மணமுடித்துத் தந்ததாகச் சொல்ல, மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதாகச் சொல்வார். அந்த இரண்டு வாக்கியம்தான் திருமணம். கண்சிமிட்டினால் தவறிப்போகும், தாலி, மேளம் போல அடையாளம் எதுவும் வராது. கடைசியில் துஆ, அதாவது பிரார்த்தனை. எல்லோரும் உள்ளங்கை விரித்து 'ஆமீன்' சொல்வார்கள், நீங்கள் அமைதியாக இருக்கலாம். கைதட்டல் கிடையாது.

ஒரு எச்சரிக்கை: சிநேகிதத்தில் உங்களைச் சாட்சிக் கையெழுத்துப் போட யாராவது இழுத்தால் பக்குவமாக விலகிக்கொள்ளுங்கள். முஸ்லிம் திருமணத்தில் அந்த இரண்டு சாட்சிகளும் முஸ்லிமாக இருக்க வேண்டும், பின்னால் பதிவேட்டைத் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

முடிந்ததும் பேரீச்சம்பழமோ கற்கண்டோ மிட்டாயோ வரும். வலக்கையால் வாங்குங்கள், கொட்டையை விரிப்பில் போடாமல் சட்டைப்பையில் வையுங்கள். மாப்பிள்ளையைக் கட்டித் தழுவ வரிசை நிற்கும், நீங்களும் தாராளமாகத் தழுவலாம். கவரைப் பள்ளிக்குள் நீட்ட வேண்டாம், மண்டபத்தில் கொடுங்கள். கைப்பேசி ஒலியை வாசலிலேயே அடக்கிவிடுங்கள். நிக்காஹைப் படமெடுப்பதை மாப்பிள்ளை வீட்டார் அனுமதித்தாலும், பின்னால் தொழுதுகொண்டிருப்பவர் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலாஜா சாலை:

பெரிய பள்ளிவாசல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வாலாஜா பள்ளிவாசல் என்பது அதன் பெயர். ஆர்க்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795-இல் கட்டியது. மரமும் இரும்பும் சேர்க்காமல் சாம்பல் நிறக் கருங்கல்லால் எழுப்பியது என்பது அதன் பெருமை. பார்க்க விரும்பி வருகிறவர் அலுவலகத்திலோ மோதினாரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதுதான் முறை. மோதினார் என்றால் பாங்கு சொல்பவர், பெரும்பாலும் பள்ளியிலேயே இருப்பார்.

காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள் போங்கள். சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகைக்கும் லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கும் நடுவே உள்ள நீண்ட இடைவெளி அது. கூட்டம் இருக்காது, பொறுமையாகப் பேச ஆள் கிடைக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலையொட்டி வேண்டவே வேண்டாம், ஜும்ஆவுக்குத் தெருவரைக்கும் ஆள் நிற்கும்.

உள்ளே போனால் மிஹ்ராபுக்கு மேலே கல்லில் பொறித்த பாரசீக எழுத்தைக் கேட்டுப் பாருங்கள். எழுதியவர் ராஜா மக்கன்லால், நவாபின் அவையில் இருந்த இந்துப் புலவர். 'திக்ருல்லாஹு அக்பர்', இறைவனை நினைப்பதே பெரிது என்ற அந்தத் தொடரில் ஆண்டு மறைந்திருக்கிறது. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, அப்ஜத் கணக்கு என்பார்கள். 'திக்ர்' என்பதில் தால் 700, காஃப் 20, ரா 200, கூட்டினால் 920. 'அல்லாஹ்' 66. 'அக்பர்' 223. மொத்தம் 1209. இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரியில் 1209 என்பது 1794-95. பள்ளி கட்டி முடித்த ஆண்டு. மிஹ்ராபுக்கு மேலேயே ஓர் இந்துவின் எழுத்து இருக்கும்போது, நீங்கள் வாசலில் நின்று தயங்க வேண்டியதில்லை.

வளாகத்தில் பஹ்ருல் உலூம் மௌலானா அப்துல் அலியின் அடக்கத்தலம் இருக்கிறது. லக்னோவின் ஃபிரங்கி மஹல் அறிஞர் குடும்பத்தில் பிறந்து மதராசில் மறைந்தவர். அலமாரியில் அடுக்கியிருக்கும் குர்ஆன் பிரதிகளை நீங்களாக எடுக்க வேண்டாம். ஒளு இல்லாமல் நாங்களும் தொடுவதில்லை. படிக்க விரும்பினால் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், தரையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

ரமலானில் போக வாய்த்தால் அஸருக்குப் பிறகு போங்கள். அங்கே இஃப்தாருக்கு, அதாவது நோன்பு திறக்க, உணவு கொண்டுவந்து பரிமாறுவது மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலின் தொண்டர்கள், இந்துக்கள், பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், ஆனால் பாங்கு சொல்லும்வரை தட்டில் கை வைக்கக் கூடாது. முதலில் பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கு அவகாசம் குறைவு, சில நிமிடங்களில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். நீங்கள் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து கஞ்சியை ஆற அமரக் குடிக்கலாம்.

மாம்பலத்தான்:

இன்று மாலை போய்க் கேட்டுவிட்டேன். ஜமாஅத் 5 மணி, ஹனஃபி பள்ளி. பெண்கள் பகுதி இல்லையாம், மனைவி மண்டபத்துக்குப் போகிறாள். வாசலில் இருந்த பெரியவரே கிழக்கு ஓரத்தில் ஒரு தூணைக் காட்டி, 'பாப்பாவோட இங்க உக்காருங்க, காத்து வரும்' என்றார்.