பாஸ்வேர்டு கேட்காமல் சூடோ உரிமையைச் சரிபார்க்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. உபுண்டு லினக்ஸுக்கு ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். ரூட்டாக, அதாவது முழு உரிமையுள்ள நிர்வாகிப் பயனராக, ஓட்டினால் மட்டுமே அது வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் தொடக்கத்திலேயே நின்றுவிட வேண்டும்.

ஓட்டும் பயனரின் எண்ணைத் தரும் இயூஐடி மாறி பூஜ்ஜியமா (அதுதான் ரூட்டின் எண்) என்று பார்ப்பது பாஷ் ஷெல்லில் சரியாக நடக்கிறது. ஆனால் உபுண்டுவில் எஸ்ஹெச் என்ற கட்டளையில் ஓட்டினால் வருவது டேஷ் என்ற வேறு ஷெல். அதில் அந்த மாறியே கிடையாது. மாறி காலியாக இருப்பதால் 'இல்லீகல் நம்பர்' என்று ஒரு பிழையைக் காட்டிவிட்டு, நிறுத்தும் பகுதிக்குள் போகாமல் அடுத்த வரிக்குத் தாண்டிவிடுகிறது. சாதாரணப் பயனர் ஓட்டினாலும் நிற்காது, இது ரொம்ப ஆபத்து! அதனால் பயனர் எண்ணைக் காட்டும் 'ஐடி மைனஸ் யூ' கட்டளைக்கு மாற்றிவிட்டேன். இரண்டிலும் சரியாக வருகிறது.

சிக்கல் இனிமேல்தான். ஓட்டுபவருக்கு சூடோ உரிமை (ரூட்டாகக் கட்டளைகளை ஓட்டும் அனுமதி) இருக்கிறதா என்று பாஸ்வேர்டு கேட்காமல் எப்படி அறிவது? பாஸ்வேர்டு கேட்காமல் முயன்று பார்க்கும் 'சூடோ மைனஸ் என் ட்ரூ' கொடுத்தால், பாஸ்வேர்டு தேவைப்படும் இடத்தில் உரிமை உள்ளவருக்கும் தோல்விதான். சூடோ குழுவில் பெயரைத் தேடலாம், ஆனால் ஃபெடோரா லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் வீல். சூடோ உரிமைகளை வரையறுக்கும் சூடோயர்ஸ் கோப்பில் நேரடியாகப் பெயர் சேர்த்திருந்தால் குழுவைப் பார்த்தும் பயனில்லை.

நம்பகமான வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். டேஷிலும் ஓட வேண்டும்.