கடன் அடைத்த அனுபவம்: எதை முதலில் அடைத்தீர்கள்?

திருப்பூர் செக்கிங் அக்கா:

நானும் என் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனி வேலை. அவர் பவர் டேபிளில் தைப்பவர், நான் தைத்து வருவதைச் சரிபார்க்கும் செக்கிங். சனிக்கிழமை சம்பளம். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 24,000 அளவுக்கு வரும். ஒன்றரை ஷிப்ட் ஓடினால் கொஞ்சம் கூடும். 2023-இல் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன், அதற்கப்புறம் பல மாதம் படுக்கை. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் வேலையை விட்டு நின்றேன். ஒரு சம்பளம் போய், செலவு இரட்டிப்பானதும் கடன் தானாக ஏறியது.

நான் மறுபடி வேலைக்குப் போனபோது வீட்டில் இருந்த கடன் இவ்வளவு. நாத்தனார் கொடுத்தது 60,000, வட்டி கிடையாது. அடகுக்கடையில் என் தோடு 24,000-க்கும் வளையல் 55,000-க்கும் இருந்தன, இரண்டு வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய். பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் குரூப் லோன் 60,000, 24 மாதம், மாத டியூ 3,170. இது போகப் பத்தாயிரம் ரூபாய் தண்டல்.

எதை முதலில் அடைப்பது என்பதில் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கருத்து. தங்கச்சி பணம்தான் முதலில், அவள் புகுந்த வீட்டில் பேச்சு வரக்கூடாது என்றார் வீட்டுக்காரர். மருமகள் காது வெறுமையாக இருக்கக் கூடாது, நகையை மீட்டுவிடு என்றார் மாமியார். நான் தண்டலைச் சொன்னேன். பத்தாயிரம்தானே, அது பாட்டுக்கு ஓடும் என்று இரண்டு பேருமே அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

தண்டலில் நடப்பது இதுதான். பத்தாயிரம் என்று பேச்சு, கையில் தருவது 8,500. தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது, பாதி நாள் தாண்டும்போது பாதிப் பணம் தண்டல்காரரிடமே போயிருக்கும். இதை வருடக் கணக்காக்கினால் 120 சதவீதம் வரும். அடகுக்கடை இரண்டு வட்டி 24 சதவீதம்தான். நோட்டில் போட்டுக் காட்டியதும் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைவிட மோசம், எண்பதாம் நாள் வாக்கில் அவரே வந்து "மறுபடி பத்தாயிரம் தரட்டுமாக்கா?" என்று கேட்பது. வாங்கினால் 1,500 பிடித்தம், பழைய பாக்கி 2,000 பிடித்தம், கையில் 6,500. கட்ட வேண்டியது பத்தாயிரம். எங்கள் லைன் வீடுகளில் வருடக்கணக்கில் இப்படியே ஓடுகிறவர்களைத் தெரியும், அத்தனை பேரும் உழைப்பாளிகள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இலேயே வந்துவிட்டது, தண்டலும் மீட்டர் வட்டியும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. இருந்தும் காலையில் பால்காரர் வருகிற நேரத்துக்கு இவரும் வருகிறார். நூறாம் நாள் கட்டிவிட்டு, "வேண்டாங்க, போதும்" என்று சொல்லி அனுப்பினோம்.

நாத்தனாரை அப்படியே விட்டுவிடவில்லை. இரண்டு பேருமாக அவள் வீட்டுக்கே போய், அவள் கணவரையும் உட்காரவைத்துக் கணக்கைச் சொன்னோம். உங்கள் பணம் கடைசியாக வரும், எந்த மாதத்திலிருந்து வரும் என்றும் சொன்னோம். "அண்ணி, தண்டல முதல்ல முடிங்க, எங்களுக்கு அவசரம்னா நாங்களே வாய விட்டுக் கேக்கறோம்" என்றாள். சொல்லாமல் காலம் கடத்தியிருந்தால் அந்த உறவு கெட்டிருக்கும்.

அடுத்தது நகை. அடகுக்கடைக்கு மாதம் 1,580 வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தோம், அசல் அசையவே இல்லை. பேங்க்கில் நகைக்கடன் வருடத்துக்கு ஒன்பது சதவீதம் அளவில்தான். ஆனால் நகை அடகுக்கடையில் இருக்கும்போது பேங்க்கில் எப்படி வைப்பது? இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். நல்ல வேளையாக எங்கள் நகை இரண்டு அடகுச் சீட்டாகத் தனித்தனியாக இருந்தது. 2024 தீபாவளி போனஸ் இரண்டு பேருக்கும் சேர்த்து 24,000 வந்தது, அதில் தோட்டை மட்டும் மீட்டோம். நாங்கள் வைத்த காலத்தைவிடத் தங்கம் நன்றாக ஏறியிருந்ததால், அதே ஒரு சவரன் தோட்டுக்கு பேங்க்கில் 38,000 கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் கட்டி வந்த இருபதாயிரம் ரூபாய் ஏலச் சீட்டை மூவாயிரம் தள்ளி எடுத்ததில் 17,000. இரண்டையும் சேர்த்து 55,000 கட்டி வளையலையும் மீட்டுவிட்டோம். 1,580 வட்டி கட்டிய இடத்தில் 285 ஆனது. மிச்சப்படுவதோடு கையைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் போட்டு, மாதம் 2,000 அந்த பேங்க் கடனின் அசலிலேயே கட்டினோம்.

சாப்பாட்டுச் செலவைப் பற்றிக் கேட்பீர்கள். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, அரிசி இலவசம். அரிசி நன்றாக இருக்கும் மாதம் சோற்றுக்கு, இல்லாத மாதம் இட்லி தோசைக்கு. சின்னவன் பள்ளிக்கூடத்தில் காலை உணவு. நான் வேலைக்குப் போவது டவுன் பஸ்ஸில், டிக்கெட் இல்லை. மாமியாரின் பாலிலும் முட்டையிலும் மட்டும் கை வைக்கவில்லை. எலும்பு கூடுகிற காலத்தில் அதில் மிச்சம் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் எதை முதலில் அடைத்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

ஒட்டன்சத்திரம் விவசாயி:

அக்கா, கணக்கு சரிதான். ஆனால் நான் மாற்றித்தான் செய்தேன், இன்றைக்கும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். போர்வெல் போட மச்சான் ஒரு லட்சம் கொடுத்திருந்தார். வெளியில் மூன்று வட்டிக்கும் கடன் இருந்தது. முருங்கை நல்ல விலைக்குப் போன வருடம் கிடைத்த பணத்தை மச்சானுக்குத்தான் முதலில் கொடுத்தேன். வட்டிக்காரனுக்குக் கூடுதலாகப் போனது உண்மைதான். ஆனால் அம்மாவுக்கு நடுராத்திரியில் மூச்சுத்திணறல் வந்து திண்டுக்கல் கொண்டுபோனபோது, நான் கேட்பதற்கு முன்னாலேயே பணத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் அவர்தான். வட்டியில்லாமல் கொடுக்கிற ஆள் நமக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? விவசாயத்தில் மாதச் சம்பளம் கிடையாது, அடுத்த வெள்ளாமை வரைக்கும் இந்த மாதிரி இரண்டு மூன்று பேரை நம்பித்தான் ஓடுகிறது. உங்களுக்கு வாரா வாரம் பணம் கைக்கு வருகிறது, அதனால் தேதி சொல்ல முடிந்தது. எனக்கு மழை தேதி சொல்வதில்லையே.

மதுரை அக்கவுண்ட்ஸ்:

எனக்கு கிரெடிட் கார்டு. பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரி பில்லில் பாதியை அதில் போட்டோம், 80,000 ஆகிவிட்டது. மாதம் 4,000 கட்டினேன். கட்டிக்கொண்டேதான் இருக்கிறோமே, ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்று மனைவி ஒருநாள் ஸ்டேட்மெண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது 2,800. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 504. ஆக 4,000-இல் 3,304 அப்படியே போகிறது, அசலில் குறைவது 700 கூட இல்லை. பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்களும் கிடையாது. ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினாலும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

சம்பளக் கணக்கு இருந்த பேங்க்கில் 15 சதவீதத்தில் பர்சனல் லோன் கேட்டு வாங்கி, கார்டை மொத்தமாக அடைத்தேன். 24 மாதத்துக்கு இஎம்ஐ 3,879. முன்பு கட்டிய நாலாயிரத்துக்கும் குறைவு, ஆனால் இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். கடனை அடைக்கக் கடன் வாங்காதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். வட்டி பாதிக்கும் கீழே குறைந்து, பழைய கணக்கை அன்றைக்கே மூடிவிட முடியும் என்றால் வாங்கலாம் என்பது என் கருத்து. இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் வேண்டாம்.

லோன் வாங்கும்போது 'பிளாட்' வட்டி என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம் பிளாட், இரண்டு வருடம் என்றால் மாதம் 5,167 வரும். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் போடுகிறார்கள். உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல். வண்டிக் கடனிலும் ஃபைனான்ஸ் கடைகளிலும் இந்தப் பேச்சு அதிகம். "குறையும் அசலுக்கு வருடத்துக்கு எத்தனை சதவீதம்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பட்டுக்கோட்டை டெய்லர்:

குரூப் லோன் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, நான் எழுதுகிறேன். எங்கள் குழுவில் ஒருத்தி டியூ கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். கஜா புயலில் தென்னை விழுந்த ஊர் எங்களுடையது. 2018-க்குப் பிறகு ஒரே வீட்டில் மூன்று நான்கு கம்பெனி லோன் என்று ஆனது. ஒன்றின் டியூவுக்கு இன்னொன்றை எடுப்பார்கள். என் தோழி ஒருத்தி டியூ தேதி வந்தாலே தையல் கடையின் பின்பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வாள். வசூலுக்கு வந்தவர் அவள் வீட்டுத் திண்ணையில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீடு அது.

அன்றைக்கு எனக்கு விதி தெரியாது, அப்புறம் தெரிந்துகொண்டேன். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறைப்படுத்திய விதிப்படி, இந்த மாதிரி நுண்கடனில் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு அழைக்கக் கூடாது, மிரட்டவோ தகாத வார்த்தை பேசவோ கூடாது. ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை அந்தக் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக்கூடாது. முன்கூட்டியே முடித்தால் அபராதம் வாங்கக் கூடாது. கடைசி விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. புகாரை முதலில் கம்பெனிக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், 14448-இல் கூப்பிட்டு விவரம் கேட்கலாம்.

என் கடனை நான் முடித்தது பலகாரச் சீட்டுப் பணத்தில். அந்த வருடம் தீபாவளிக்குப் பலகாரம் எடுக்காமல் பணமாக வாங்கி, மீதியிருந்த டியூவை மொத்தமாகக் கட்டினேன். அபராதம் என்று ஒரு தொகையைச் சேர்த்துச் சொன்னார்கள். விதியைச் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் என் கணக்கில் விழுவதை இப்போது தொடுவதே இல்லை, மறுபடி குழுவில் சேராமல் இருக்க அதுதான் கையிருப்பு.

திருப்பூர் செக்கிங் அக்கா:

ஒட்டன்சத்திரம் அண்ணா, உங்கள் நிலைமைக்கு நீங்கள் செய்தது சரி. வெள்ளாமைப் பணத்தையும் சனிக்கிழமைச் சம்பளத்தையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. ஆனால் சனிக்கிழமைச் சம்பளமும் நிச்சயம் இல்லை என்று இந்த வருடம் பார்த்துவிட்டோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதும் எங்கள் கம்பெனியில் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றது, சில வாரம் நாலு நாள்தான் வேலை. தண்டல் இல்லாததால்தான் அந்த வாரங்களைச் சமாளித்தோம்.

பட்டுக்கோட்டை அக்கா சொன்ன விதியை லைன் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

பேங்க் நகைக்கடன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. முன்பெல்லாம் வருடம் முடிந்தால் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கலாம். 2025-இல் எங்கள் கிளையில் அசலையும் மொத்தமாகக் கட்டிவிட்டுத்தான் மறுபடி வைக்க முடியும் என்றார்கள். வாசலிலேயே ஒரு நாள் வட்டிக்குப் பணம் தர ஆள் நிற்கிறார்கள். அவர்களிடம் போக வேண்டாம் என்றால் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வாருங்கள், எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் வட்டி போக அசலில் எவ்வளவு வரவு வைத்தார்கள் என்று ரசீதில் பாருங்கள். நாங்கள் அப்படிக் கட்டியதில் மீதி 17,000-க்கு வந்தது, இந்தத் தீபாவளி போனஸில் அதை முடித்துவிட்டோம். குரூப் லோன் கடைசி டியூ அடுத்த மாதம். அதற்கடுத்த மாதத்திலிருந்து அந்த 3,170 அப்படியே நாத்தனாருக்கு.